28 மிமீ வாட்டர்லூ காலாட்படை: பேஸ் வளைகிறது, வார்னிஷ் வெளுக்கிறது. எங்கே தவறு?

சிவப்புக்கோட்டு (கேள்வி)

வணக்கம். 28 மிமீ உயரப் பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்களில் (மினி) வாட்டர்லூ போர்க் கால பிரிட்டிஷ் காலாட்படை ஒரு பட்டாலியன் செய்துகொண்டிருக்கிறேன். 33வது ரெஜிமென்ட், மொத்தம் 24 மினி. 40×40 மிமீ எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) பேஸில், அதாவது அடித்தட்டில், நாலு நாலாக 6 பேஸ். முதல் எட்டை முடித்துப் பார்த்தால் எதுவும் சரியாக வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), கேன் ஸ்ப்ரே. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் 35 செ.மீ. தூரத்திலிருந்து அடித்தேன். தொப்பியும் முதுகுப் பையும் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கின்றன.

அதன் மேல் வலெஹோ கம்பெனி அக்ரிலிக் பெயிண்டில் ஃப்ளாட் ரெட். நாலு கோட் போட்டும் திட்டுத் திட்டாகத்தான் தெரிகிறது. சிப்பாய் போட்டிருக்கும் கோட்டின் மடிப்புகள் மூழ்கிப்போய்விட்டன. குறுக்குப் பட்டைகளுக்கு நேரடியாக வெள்ளை வைத்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிட்டது.

பேஸ் 2 மிமீ தடிமன். வெள்ளைப் பசை தடவி மணல் தூவினேன். மறுநாள் காலையில் நாலு மூலையும் ஒரு மிமீ தூக்கியிருந்தது. கடைசியாக மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஸ்ப்ரே, மழை விட்ட சாயங்காலம். கறுப்புத் தொப்பி எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த எட்டையும் காப்பாற்ற முடியுமா? மீதி 16க்கு எதை மாற்ற வேண்டும்? பேஸில் வெறும் பச்சைப் புல் வைத்தால் வாட்டர்லூவுக்குப் பொருந்துமா என்றும் சொல்லுங்கள்.

---

மொட்டைமாடி

ஸ்ப்ரே விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பெயிண்டைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு கோளாறுக்கும் காரணம் நேரெதிர். பிரைமர் சொரசொரப்பது, பெயிண்ட் துளி மினி மேல் விழுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிட்டதால். 35 செ.மீ. தூரம், உச்சி வெயில், மாடிக் காற்று மூன்றும் சேர்ந்தால் வேறு எப்படி வரும்? வார்னிஷ் வெளுப்பது அதற்கு மறுபக்கம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வேர்க்கிறதே, அதேதான். அந்த ஈரம் காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிகிறது. மழை விட்ட சாயங்காலம் என்பது வார்னிஷ் அடிக்க இருப்பதிலேயே மோசமான நேரம்.

வெளுப்பு எங்கே இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். மினி முழுக்க ஒரே சீராகப் படர்ந்திருந்தால் ஈரம். மடிப்புகளுக்குள்ளும் கைக்கு அடியிலும் மட்டும் வெள்ளைத் தூள் தேங்கியிருந்தால் கேனைச் சரியாகக் குலுக்கவில்லை, அல்லது ஒரே இடத்தில் அதிகம் அடித்திருக்கிறீர்கள். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் தூள் ஒன்று கலந்திருக்கும், அது கேனின் அடியில் போய்ப் படியும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு முழுதாக 2 நிமிடம் குலுக்கினால்தான் கலக்கும்.

மீதி 16க்கு: ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். பிரைமரை வெயில் நேரடியாக விழாத நிழலில், காற்று அடிக்காத மூலையில், 20 செ.மீ. தூரத்தில் அடியுங்கள். கையை மினிக்கு வெளியே அசைக்க ஆரம்பித்து, மினியைக் கடந்து, வெளியே போய் விரலை எடுங்கள். ஒவ்வொரு வீச்சும் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். முதல் கோட்டிலேயே முழுக்க மூடிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இரண்டு மெல்லிய கோட், நடுவில் 15 நிமிடம்.

வார்னிஷுக்கு, கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்ப்ரேயை மறந்துவிட்டுத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் மேட் வார்னிஷுக்கு மாறுவதே நிம்மதி. 24 மினிக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது.

வெளுத்துப்போனவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தூரிகையால் மெல்லிய கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் வெளுப்பு மறைந்துவிடும். 24 மணி நேரம் விட்டு, மேலே தூரிகையாலேயே மேட்.

சொரசொரப்பு அப்படி மறையாது. உரித்துத்தான் ஆக வேண்டும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு எச்சரிக்கை: தேய்க்கும்போதும் அலசும்போதும் டெட்டாலிலேயே செய்யுங்கள். பெயிண்ட் முழுக்கப் போன பிறகுதான் தண்ணீர், சோப்பு எல்லாம். நடுவில் தண்ணீர் பட்டால் கரைந்த பெயிண்ட் தார் போலத் திரண்டு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. கையுறை கட்டாயம். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெயிண்ட் கடைத் தின்னர் பக்கம் போகாதீர்கள். மினியின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

---

நுனித்தூரிகை

சிவப்புக்கு ஃப்ளாட் ரெட்டைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு நிறமிகள் பெரும்பாலும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுப்பவை. கறுப்பின் மேல் நேரடியாக வைத்தால் எத்தனை கோட் போட்டாலும் மங்கித்தான் தெரியும். ஐந்தாவது கோட்டில் மடிப்பு எல்லாம் போய்விடும். நடுவில் ஒரு படி வேண்டும்.

சிப்பாயின் கோட்டுக்கு முதலில் கேவல்ரி பிரவுன் (வலெஹோ எண் 70.982), ஒரே கோட், முழுக்க. காய்ந்ததும் ஃப்ளாட் ரெட் (70.957) மூன்று பங்கு, கேவல்ரி பிரவுன் ஒரு பங்கு கலந்து, இரண்டு மெல்லிய கோட். இதை மேடான இடங்களில் மட்டும் வையுங்கள். மடிப்பின் பள்ளத்தில் பழுப்பு அப்படியே நிற்கட்டும், நிழல் வேலை அங்கேயே முடிந்துவிடும். தோள், முழங்கை, முன்பக்க ஓரத்தில் மட்டும் கலக்காத ஃப்ளாட் ரெட். வெளிச்சத்துக்கு வெள்ளை கலக்காதீர்கள், ரோஸ் கலராகிவிடும்.

இந்தப் பழுப்புச் சிவப்பு வெறும் ஓவிய வசதிக்காக அல்ல. சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகை வேரில் எடுத்த சாயம். அது செங்கல் பக்கம் சாய்ந்த சிவப்பு, போரில் வெயிலும் மழையும் பட்டு இன்னும் மங்கும். அதிகாரிக்கும் சார்ஜென்ட்டுக்கும் தரமான துணி, கொச்சினீல் பூச்சிச் சாயம், பளிச்சென்ற சிவப்பு. அதனால் அதிகாரி மினிக்கு மட்டும் கலக்காத ஃப்ளாட் ரெட்டில் தொடங்கி, மேலே ஸ்கார்லெட் (70.817) வையுங்கள். ஒரே பேஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் தானாகத் தெரியும்.

33வது ரெஜிமென்ட்டை எடுத்தது ஒரு வகையில் சௌகரியம், ஒரு வகையில் வம்பு. வாட்டர்லூவில் 33 இருந்த ஹால்கெட் பிரிகேடில் (சில பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) கூட இருந்த 30வது ரெஜிமென்ட்டுக்கு வெளிர் மஞ்சள் காலர், 69க்கும் 73க்கும் பச்சை. 33க்குக் காலரும் கைப்பட்டையும் கோட்டைப் போலவே சிவப்பு. தனிக் கலர் கலக்க வேண்டாம். ஆனால் வெள்ளைப் பட்டி சுத்தமாக விழாவிட்டால் காலர் எங்கே முடிகிறது, கோட் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. காலரைச் சுற்றிக் கேவல்ரி பிரவுனில் ஒரு முடி அளவு கோடு விட்டுவிட்டு வெள்ளை வையுங்கள்.

இனி வெள்ளை. வெள்ளையில் நேரடியாக ஆரம்பிப்பதுதான் தவறு. மீடியம் சீ கிரே (70.870) முதலில், பட்டையின் முழு அகலத்துக்கும். அதன் மேல் ஐவரி (70.918), இரண்டு ஓரத்திலும் சாம்பல் மெல்லிசாகத் தெரியும்படி. தூரிகையை நனைத்து, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, நுனியைக் கூராக்கி, இடது தோளில் வைத்து இடுப்பு வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் முட்டுக் கட்டும். கோணலாகப் போனால் அதே இழுப்பின் மேல் திரும்பத் தடவாதீர்கள். காய விட்டுச் சிவப்பால் ஓரத்தைச் சரிசெய்யுங்கள். சுத்த வெள்ளை தோள் மேல் ஒரு பொட்டு போதும்.

சுண்ணாம்பு போல ஆவதற்கு இன்னொரு காரணம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது: மின்விசிறி. தூரிகை நுனியிலேயே வெள்ளை காய்ந்து துகளாகிறது, அந்தத் துகளைத்தான் மினியில் தேய்க்கிறீர்கள். விசிறியை நிறுத்த முடியாது என்றால் ஈரத் தட்டு வேண்டும். மூடி போட்ட தட்டையான டப்பா, உள்ளே நனைத்த சமையலறை டிஷ்யூ நாலு மடிப்பு, மேலே பேக்கிங் பார்ச்மென்ட் தாள். மெழுகுத் தாள் வேண்டாம், தண்ணீர் மேலே ஏறாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள், நம் சூட்டுக்கு வாடை அடிக்கும். உலோக நிறங்களை அதில் வைக்காதீர்கள், மினுக்குத் துகள் பிரிந்து மற்ற நிறங்களில் போய்ச் சேரும்.

மற்றவை சுருக்கமாக. கால்சட்டை நியூட்ரல் கிரே (70.992), ஆக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த பழுப்புப் பெயிண்ட்), மேடுகளில் மறுபடி அதே கிரே. தொப்பி, முதுகுப் பை கறுப்பு, விளிம்பில் ஜெர்மன் கிரே (70.995). முதுகுப் பை மேல் சுருட்டிய மேல்கோட் சாம்பல். தண்ணீர்க் குடுவை வெளிறிய நீலம். பழுப்பு மரம் என்று நினைத்து நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இது. தொப்பிக் குஞ்சம் நடுக் கம்பெனிகளுக்கு (பட்டாலியனின் சாதாரணப் பிரிவுகள்) மேலே வெள்ளை, கீழே சிவப்பு. கிரெனேடியர் கம்பெனிக்கு முழு வெள்ளை. லைட் கம்பெனிக்குப் பச்சை. துப்பாக்கி இண்டியா பேட்டர்ன் மஸ்கட்: கட்டை பழுப்பு, குழல் மங்காத வெள்ளி, பித்தளைப் பூண். பெயரில் இண்டியா இருப்பது கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு வாங்கிய மாதிரி என்பதால்.

எல்லாவற்றையும் ஆறு ஆறாகச் செய்யுங்கள். 16ஐயும் ஒன்றாக வரிசை கட்டினால் பத்தாவது மினியில் கை சோம்பிவிடும்.

---

கயிற்றுப்பாய்

பேஸ் வளைவதற்கு மணலையோ பசையையோ திட்டிப் பயனில்லை. வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எம்.டி.எஃப். மேல்பக்கத்தில் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. பிறகு பசை காயக் காயச் சுருங்குகிறது, சுருங்கும் படலம் மூலைகளை மேலே இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட அப்பளம் எப்படிச் சுருளும், அந்தக் கணக்குதான்.

மூன்று மாற்றம் செய்தால் போதும். 2 மிமீக்குப் பதில் 3 மிமீ பேஸ். ஒட்டுவதற்கு முன்பே மேல், கீழ், நாலு விளிம்பு எல்லாவற்றிலும் வார்னிஷ் ஒரு கோட். விளிம்புதான் அதிகம் குடிக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, தண்ணீர் கலந்த பசையை முழுப் பரப்பிலும் பூசாமல், கலவையாகக் குழைத்து வையுங்கள்.

என் கலவை: சலித்த மெல்லிய மணல் 4 ஸ்பூன், வெள்ளைப் பசை 1 ஸ்பூன், ரெடிமேட் அக்ரிலிக் வால் ஃபில்லர் 1 ஸ்பூன், கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட் 1 ஸ்பூன். தண்ணீர் விடாதீர்கள். தோசை மாவுப் பதம் கூடாது. வடை மாவுப் பதம். பெயிண்டைக் கலவையிலேயே சேர்த்துவிட்டால் பின்னால் எங்காவது உதிர்ந்தாலும் வெள்ளை தெரியாது. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற்று மணலை இரண்டு தரம் அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தால் 28 மிமீக்குச் சரியான துகள் வரும்.

மினியின் காலோடு சேர்ந்து வரும் பிளாஸ்டிக் தட்டு ஒரு மிமீ உயரம் இருக்கும். அதன் விளிம்பு வரை கலவையைக் கொண்டுவந்து, ஈரமான பல்குச்சியால் சரிவாக இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாலு சிப்பாயும் நாலு பலகை மேல் நிற்பது போலத் தெரியும். எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் செய்திருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

பொதுவாக மினியைத் தனியாக பாட்டில் மூடியில் ஒட்டிப் பெயிண்ட் செய்து, பிறகு பேஸில் வைப்பதே நல்லது. நாலு பேரை முதலிலேயே 40 மிமீக்குள் நெருக்கி ஒட்டிவிட்டால் நடுவில் தூரிகை நுழையாது.

இப்போது உங்கள் பச்சைப் புல் கேள்வி. 1815 ஜூன் 17 மதியத்துக்கு மேல் பிடித்த மழை ராத்திரி முழுக்கக் கொட்டியது. 18 காலையில் நிலம் சேறு. வயலில் நின்றது பெரும்பாலும் ரை என்ற தானியம், ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது. ஆயிரக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் நடந்து அதைச் சாய்த்துவிட்டார்கள். ஆக, வாட்டர்லூ பேஸ் என்றால் ஈரச் சேறு, அதில் மிதிபட்டுப் படுத்த மஞ்சள் தட்டை. நின்ற பயிர் வைக்க ஆசை என்றால் இரண்டு நாள் முன்னால் நடந்த காத்ர் பிரா சண்டையைக் காட்டுங்கள். அங்கே ரை மறைத்ததால்தான் பிரெஞ்சுக் குதிரைப்படை கிட்டே வரும்வரை இந்த பிரிகேடுக்குத் தெரியவில்லை. 69வது ரெஜிமென்ட் தன் கொடி ஒன்றையே பறிகொடுத்தது.

ரைக்கு நம் ஊரில் கடைக்குப் போக வேண்டாம். தேங்காய் நார் மிதியடி போதும். உலகம் முழுக்க வார்கேம் (பொம்மைப் படை விளையாட்டு) ஆட்கள் கோதுமை வயலுக்கு அதைத்தான் வெட்டுகிறார்கள். நாரை 8 முதல் 10 மிமீ துண்டுகளாக வெட்டி, கலவை ஈரமாக இருக்கும்போதே ஒரே திசையில் படுக்கவைத்து அழுத்துங்கள், படை வந்த திசையில். ஓரிரண்டு மட்டும் சாய்ந்து நிற்கட்டும். காய்ந்ததும் பஃப் (70.976) டிரைபிரஷ், அதாவது தூரிகையில் பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேலாகத் தேய்ப்பது. நாரை முன்பே வெயிலில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பயன்படுத்திய டீத்தூளை உதிர்ந்த இலையாக வைப்பவர்களுக்கும் இதேதான்.

பச்சை வேண்டும் என்றால் 2 மிமீ ஸ்டேட்டிக் புல் (செயற்கை இழைப் புல்) பேஸுக்கு இரண்டே திட்டு. 6 மிமீ புல் இந்த அளவுகோலில் முழங்காலுக்கு அருகே வரும்; வரிசை கட்டி மிதித்த இடத்தில் அது நிற்காது. சேற்றுக்குப் பள்ளங்களில் மட்டும் கிளாஸ் வார்னிஷ் வையுங்கள், மேட் வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு. வரிசை மாறினால் மேட் அதை மூடிவிடும்.

---

சிவப்புக்கோட்டு

மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். ஏற்கெனவே வளைந்த இரண்டு பேஸை நிமிர்த்த முடியுமா? கால்சட்டையில் சேறு எப்படி வைப்பது, ஆக்ராக்ஸையே தடவினால் போதுமா? கொடியைக் கையால் வரைய வேண்டுமா?

---

கயிற்றுப்பாய்

அடிப்பக்கத்தைத் தூரிகையால் லேசாக நனைத்து, கீழே வெள்ளைப் பசை ஒரு கோட் பூசி, காயும்வரை விளிம்புகளைக் கிளிப்பால் சமமான பலகையோடு பிடித்து வையுங்கள், நடுவில் பார்ச்மென்ட் தாள். கீழே உள்ள பசையும் சுருங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அரை மிமீ வளைவு வரை இது போதும். உங்களுடையது ஒரு மிமீ என்றால் பாதிதான் இறங்கும். மீதிக்கு அடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டி இழுத்துப் பிடிக்கலாம். தகடு இருந்தால் காந்தத் தாள் விரித்த பெட்டியில் ஆடாமல் எடுத்துப் போகவும் வசதி.

---

நுனித்தூரிகை

வாஷ் சேறாகாது, அழுக்குத் தண்ணீர் போலத்தான் வழியும். ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டைக் கிடுக்கியில் பிடித்து, ஃப்ளாட் எர்த்தில் (70.983) தொட்டு, டிஷ்யூவில் முக்கால்வாசி ஒற்றி எடுத்து, கணுக்காலில் தட்டுங்கள். கீழே அடர்த்தி, மேலே போகப் போகக் குறைவு, முழங்காலுக்கு மேல் வேண்டாம். பேஸ் கலவையில் போட்ட அதே பழுப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் காலும் மண்ணும் ஒட்டும். கயிற்றுப்பாய் சொன்ன கிளாஸ் எனக்கு உடன்பாடில்லை. மேசை விளக்குக்கு அடியில் ஆறு பேஸும் சேர்ந்து மின்னும்போது பிளாஸ்டிக் போலத் தெரியும். சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் போதும் என்பது என் கட்சி.

கொடியை வரைய வேண்டாம், அச்சடித்த தாள் கொடி கிடைக்கிறது. சிவப்புக் காலர் ரெஜிமென்ட் என்பதால் 33இன் ரெஜிமென்ட் கொடி வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, மூலையில் யூனியன் (பிரிட்டிஷ் தேசியக் கொடி). மற்றொன்று அரசக் கொடி, முழு யூனியன். அசல் அளவு உயரம் 6 அடி, நீளம் ஆறரை அடி, 28 மிமீயில் சுமார் 33×35 மிமீ. இதைவிடச் சிறிதாக இருந்தால் வாங்காதீர்கள். உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பசை, கம்பைச் சுற்றி மடித்து, ஈரமாக இருக்கும்போதே பென்சிலில் வளைத்து அலை கொடுங்கள். காய்ந்ததும் வெட்டிய விளிம்பில் தெரியும் தாளின் வெள்ளையை அந்தந்த நிறத்தால் மூடுங்கள்.

---

மொட்டைமாடி

கொடி எந்த வகை அச்சுப்பொறியில் அச்சானது என்று பாருங்கள். இங்க்ஜெட் என்றால் ஈரப் பசை பட்டதும் சிவப்பு வெள்ளையில் கசியும். ஒட்டுவதற்கு முன்னால் ஸ்ப்ரே வார்னிஷ் லேசாக இரண்டு வீச்சு, நல்ல வெயில் நாளில்.

---

சிவப்புக்கோட்டு

இங்க்ஜெட்தான். ஈரப்பதமானி இப்போது 78 காட்டுகிறது, எனவே கொடி காத்திருக்கட்டும். எட்டில் சொரசொரப்பு அதிகம் உள்ள மூன்றை டெட்டாலில் போட்டாயிற்று.